10-ம் எண் கூண்டு ஏற்றும் வரை காத்திருக்கலாமா?

அடுப்பங்கரை முதல் படகுத்துறை வரை: புயல் காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஐப்பசி பிறந்து விட்டால் கடலோர மக்களுக்குத் தூக்கம் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம்.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. ஊரை நெருங்கிய பாசஞ்சர் ரெயிலையே அலை கவிழ்த்தது. அதில் வந்தவர்கள் அத்தனை பேரும் மாண்டார்கள். ஒரே இரவில் ஊர் அழிந்தது.

இன்று புயல் வரும் சேதி சில நாட்களுக்கு முன்பே தெரிந்து விடுகிறது. ஆனால் சேதியைக் கேட்டு விட்டுச் சும்மா இருந்தால்?

கூண்டு சொல்லும் சேதி

துறைமுகத்தில் "புயல் கூண்டு" ஏற்றுகிறார்கள். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கு எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம்.

"8-ம் எண்தானே! 10 ஏற்றட்டும், பார்ப்போம்" என்கிறார்கள் சிலர். இது பெரிய தவறு. 8, 9, 10 மூன்றுமே ஒரே அளவு ஆபத்து. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதுதான் வித்தியாசம். 10 என்றால் துறைமுகத்தின் மேலேயே, அல்லது மிக அருகே! 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்து விட்டது என்று பொருள்.

தாய்மார்கள் கவனத்துக்கு

குடத்திலும் அண்டாவிலும் குடிநீர் பிடித்து மூடி வையுங்கள். கடல்நீர் புகுந்தால் கிணற்று நீர் வாயில் வைக்க உதவாது. 2018-ம் ஆண்டு நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்த பிறகு, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லை என்றால் மோட்டார் ஓடாது, செல்போனும் பேசாது.

தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, அவல், பொரிகடலை, குழந்தைக்குப் பால் பவுடர், பெரியவர்களின் மாத்திரை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாங்கிப் புத்தகம் இவற்றை பிளாஸ்டிக் உறையில் கட்டி இடுப்போடு வைத்துக் கொள்ளுங்கள். இவை தொலைந்தால் நிவாரணப் பணம் வாங்க அலைய வேண்டி வரும்.

படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டி, எஞ்சினைக் கழற்றி விடுங்கள். ஓலை வீடு, ஓட்டு வீடு என்றால் பகலிலேயே புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய் விடுவது நல்லது. வலைக்குக் காவலாக ஒருவர் தங்குவது பழைய வழக்கம். வேண்டாம் அந்தக் காவல்! வழி தெரியாவிட்டால் 1077-க்குப் போன் செய்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் சொல்வார்கள்.

காற்று நின்றால் நம்பாதீர்கள்

புயலின் நடுவே "கண்" என்று ஒரு பகுதி உண்டு. அது ஊரைக் கடக்கும்போது பேய்க்காற்று சட்டென்று ஓயும். சில சமயம் நட்சத்திரம்கூடத் தெரியும்! "போய் விட்டது" என்று ஆட்டுக்குட்டியைத் தேடி வெளியே வருவார்கள். கண் நகர்ந்ததும் எதிர்த் திசையிலிருந்து அதே காற்று அடிக்கும். ஏற்கெனவே ஆட்டம் கண்ட மரமும் சுவரும் அப்போதுதான் சாயும்.

ஆடு மாடுகளை முதல் நாளே அவிழ்த்து மேட்டில் விட்டு விடுங்கள். கட்டிக் கிடந்தால் அவை தப்ப முடியாது.