மடல் போய்ச் சேரும் வழி

ஒரே மடலைக் குறித்த நாளில் பல்லாயிரம் பேருக்கு மின்னஞ்சல் வழியே அனுப்புவது செய்திமடல் எனப்படுகிறது. வணிக நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் வாசகர் வட்டங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இதைக் கைக்கொண்டுவிட்ட நிலையில், தபால் தலையோ காகிதமோ தேவைப்படாத இந்த வேலை மிக எளியது என்ற எண்ணமும் கூடவே பரவியிருக்கிறது. அனுப்புவது எளிதுதான், ஆனால் அனுப்பிய மடல் எழுத்துச் சிதையாமல், இன்னாரிடமிருந்து வந்தது என்ற உறுதியோடு, வேண்டுமென்று கேட்டவரின் கண்ணில் படும்படி போய்ச் சேர்வது முற்றிலும் வேறொரு காரியம். அதற்குப் பின்னாலிருக்கும் வேலை அனுப்புபவர்களுக்கே பல நேரங்களில் தெரிவதில்லை. அந்த வேலையின் ஒரு முக்கியப் பகுதி நடந்த ஊர் புனே.

குறித்த நாளில் மடல் வருவது புனேவுக்குப் புதிதன்று. 1881ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆங்கிலத்தில் ‘மராட்டா’வும், இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை மராத்தியில் ‘கேசரி’யும் அங்கிருந்தே வெளிவரத் தொடங்கின, திலகர், அகர்கர், விஷ்ணு சாஸ்திரி சிப்லூண்கர் ஆகியோர் கூடித் தொடங்கிய அவ்விதழ்களின் வாசகர்கள் நாளைக் கணக்கிட்டுக் காத்திருந்தார்கள். இன்றும் செவ்வாயும் வெள்ளியும் நாட்டின் மாவட்டங்கள்தோறும் விவசாயிகளுக்கு வானிலை சார்ந்த வேளாண் அறிவுரை வழங்கப்படுகிறது. அந்தப் பணியை முன்னின்று நடத்தும் இந்திய வானிலைத் துறையின் வேளாண் வானிலைப் பிரிவு 1932இல் தொடங்கப்பட்டதும் புனேயில்தான். மருந்து தெளிக்கலாமா, அறுவடையைத் தள்ளிப்போடலாமா என்று தீர்மானிக்க வேண்டியவருக்கு அந்த அறிவுரை ஒரு நாள் பிந்தினாலும் பயனில்லை. முறை தவறாமல் வருவது செய்திமடலுக்கு அழகு சேர்க்கும் ஒன்றன்று. அதன் உயிரே அதுதான்.

ஆனால் மின்னஞ்சலில் இந்திய மொழி எழுத்தை ஏற்றுவதே நெடுங்காலம் இயலாத காரியமாக இருந்தது. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் பரிமாற்ற நெறி, ஒரு குறிக்கு ஏழு பிட் என்ற அளவில், அதாவது மொத்தம் 128 குறிகளுக்குள் அடங்கும் எழுத்தை மட்டுமே கடத்தும்படி அமைந்திருந்தது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அதற்குள் அடங்கிவிட, தமிழுக்கும் மராத்திக்கும் அங்கே இடமில்லாமற் போயிற்று. எழுத்து ஒவ்வொன்றுக்கும் கணினி எந்த எண்ணைத் தருவது என்ற கேள்விக்கு இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு விடையைத் தேடிய முயற்சிதான் புனேயை இந்த வரலாற்றுக்குள் கொண்டுவருகிறது.

சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையம் 1988இல் புனேயில் நிறுவப்பட்டது. 1991இல் அது உருவாக்கிய பரம் 8000 என்ற மீக்கணினியைப் பற்றிப் பாடநூல்கள் பேசுகின்றன. கான்பூர் ஐஐடியில் தொடங்கி சி-டாக்கின் குடைக்கீழ் வந்து வளர்ந்த ஜிஸ்ட் என்ற எழுத்துத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தேவநாகரி, தமிழ், வங்காளம், தெலுங்கு முதலிய எழுத்து முறைகள் எல்லாம் பிராமியிலிருந்து கிளைத்தவை என்பதால், அவை அனைத்துக்கும் ஒரே எண் வரிசை போதும் என்ற எண்ணம்தான் அதன் அடித்தளம். அந்த வரிசை இஸ்கி என்ற பெயரில் 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமாகவும் ஏற்கப்பட்டது. எந்த எழுத்து முறையானாலும் ‘க’வுக்கு ஒரே எண் என்பதால், மராத்தியில் தட்டிய ஒரு பெயரைத் தமிழ் வரிவடிவத்துக்கு மாற்றினால் அது தானாகவே உருமாறி நிற்கும், ஒரே நாட்டின் பல மொழிகளை ஒரே பொறிக்குள் வைக்க நினைத்தவர்களுக்கு இது அரிய வசதியாக இருந்தது.

அந்த வசதிக்குத் தமிழ் கொடுத்த விலையை இன்றும் கண்ணால் பார்க்கலாம். உலக மொழிகள் அனைத்தையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்த யூனிகோடு, இந்திய எழுத்துகளுக்கு இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டியே இடம் ஒதுக்கியது. தேவநாகரியில் ககரம் நான்கு வகை, தமிழில் ஒன்றுதான். ஆகவே யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் ‘க’வுக்கு அடுத்து மூன்று இடங்கள் வெறுமையாகக் கிடக்க, அதற்குப் பின்னரே ‘ங’ வருகிறது. ‘ச’வுக்கும் ‘ஜ’வுக்கும் இடையிலும் ஓர் இடம் காலி. மெய்யும் உயிர்மெய்யும் தனித்தனி எழுத்துகளாக இல்லாமல், அகர உயிர்மெய்யோடு புள்ளியோ உயிர்க்குறியோ சேர்ந்து உருவாகும்படி வைத்ததும் அதே வழியில் வந்தது. இது தமிழின் இலக்கணத்துக்கு ஒவ்வாதது என்று அறிஞர்கள் எழுப்பிய குறை நியாயமானதே. ஆயினும் அந்தப் பொதுவரிசை இல்லாதிருந்தால், இந்திய எழுத்துகள் உலக அட்டவணைக்குள் அவ்வளவு விரைவில் நுழைந்திருக்குமா என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

புலம்பெயர்ந்த தமிழர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துருவும், மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளும் 1990களில் தமிழில் மடல் எழுத வழி செய்தன. திஸ்கி என்ற பொதுக் குறியீடு இணைய வழி விவாதத்திலேயே உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் வந்தன. ஒவ்வொன்றும் உழைப்பின் பயன்தான். ஆனால் அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு பெற்றவரிடம் இல்லையென்றால், மடல் முழுவதும் புரியாத குறிகளாக விரிந்தது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்ற பிறகு அந்தத் தொல்லை மெல்ல ஓய்ந்தது.

எழுத்துக்கு எண் கிடைத்தாலும், ஏழு பிட் குழாய்க்குள் அந்த எண் நுழைய வேண்டுமே. நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் 1992இல் வகுத்த மைம் என்ற நெறி அதற்கு வழி சொன்னது. எந்த எழுத்தையும் படத்தையும், ஆங்கில எழுத்துகளும் எண்களும் உள்ளிட்ட 64 குறிகளாலேயே மாற்றி எழுதி அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவருவது அந்த வழி. ‘வணக்கம்’ என்ற சொல்லைத் தலைப்பில் இட்ட ஒரு மடலை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு அது ஐந்து எழுத்து. புள்ளிகளைத் தனியே எண்ணும் யூனிகோடுக்கு ஏழு குறி. ஒரு குறிக்கு மூன்று பைட் வீதம் 21 பைட். மைம் முறைப்படி மாற்றி எழுதினால் 28 குறி. அவற்றோடு முன்னும் பின்னும் ‘இது இன்ன குறியீடு’ என்று அறிவிக்கும் சில குறிகளும் சேரும். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஐந்தே பைட்டில் போய்விடுகிறது.

இந்தப் பாரம் வெறும் கணக்கன்று. ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை ஜிமெயில் அத்துடன் வெட்டி, மீதியைக் காண வேறோர் இணைப்பைத் தட்டும்படி காட்டுகிறது. ஆங்கில மடல் அந்த எல்லையை எட்டுவதற்கு நெடுந்தூரம் முன்னதாகவே, அதே நீளமுள்ள தமிழ் மடலோ மராத்தி மடலோ எட்டிவிடும். வண்ணம், கட்டம், பொத்தான் என்று அலங்காரக் குறிமுறை சேரச் சேர எழுத்துக்கான இடம் இன்னும் சுருங்கும். ‘இம்மடல் இனி வேண்டாம்’ என்று விலகிக்கொள்வதற்கான இணைப்பு வழக்கமாக மடலின் அடியில்தான் இருக்கும். வெட்டுப்படும் பகுதியில் அதுவும் போய்விடுகிறது. விலக வழி தேடிக் காணாத வாசகர் வேறென்ன செய்வார்? கைக்கு எட்டும் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துகிறார். அந்த ஓர் அழுத்தல் அனுப்பியவரின் பெயரில் கரும்புள்ளியாகப் பதிகிறது. எழுத்தின் எடை நம்பிக்கையின் கணக்கையும் இப்படிக் குலைத்துவிடுகிறது.

ஸ்பேம் எனப்படும் வேண்டாத மடலுக்கு மின்னஞ்சலின் வயதில் பெரும்பகுதி உண்டு. 1978 மே மாதம் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளரான கேரி துவர்க், அன்றைய அர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு, அவர்களைக் கேளாமலே விளம்பர மடல் ஒன்றை அனுப்பியதே இவ்வகையில் முதலாவதாகக் கொள்ளப்படுகிறது. அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற குறை 1982இன் நெறியிலும் தொடர்ந்தது. தபால் உறையின் பின்புறத்தில் எவரும் எவர் முகவரியையும் எழுதிவிடலாம் என்பது போன்றதே இது. தபாலில் முத்திரையாவது ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

அந்த முத்திரையின் வேலையைச் செய்ய இப்போது மூன்று ஏற்பாடுகள் உள்ளன. ஒரு நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்பதை இணையத்தின் பொதுப் பெயர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது எஸ்பிஎஃப். மடலின் உள்ளடக்கத்தின்மீது அனுப்புநர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைசாவியால் ஒப்பமிட, அதற்கு இணையான பொதுச்சாவியைப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பெறும் சர்வர் சரிபார்ப்பது டிகிம். வழியில் உள்ளடக்கம் மாறியிருந்தால் ஒப்பம் பொருந்தாது. ஒருவர் தம் பல்கலைக்கழக முகவரிக்கு வரும் மடல்களைத் தனி முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், இடையில் வேறு சர்வர் புகுந்துவிடுவதால் எஸ்பிஎஃப் தோற்றுப்போகும். டிகிம் ஒப்பமோ தாக்குப்பிடிக்கும். இரண்டும் வேண்டியிருப்பது இதனால்தான். வாசகரின் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரோடு இவை பொருந்தாத மடலை ஏற்பதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்பதை அனுப்புநரே முன்கூட்டி அறிவித்துவைப்பது டிமார்க்.

நெடுங்காலம் இவை விரும்பினால் செய்துகொள்ளலாம் என்ற அளவிலேயே இருந்தன. கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைப்படுத்திய விதிகள் நிலைமையை மாற்றின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடலுக்கு மேல் அனுப்புவோர் மூன்று ஏற்பாடுகளையும் செய்தாக வேண்டும். ஒரே தட்டலில் விலக வழி தர வேண்டும். விலகியவரின் பெயரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். ஸ்பேம் என்று வாசகர் குறிக்கும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. 5000 பேர் கொண்ட பட்டியலில் அது 15 பேர். பதினைந்து பேரின் சலிப்பு, ஆவலோடு காத்திருக்கும் மற்றவர்களின் மடலையும் தடுத்துவிடக்கூடும். எங்கிருந்தோ திரட்டிய முகவரிகளையும் காசு கொடுத்து வாங்கிய பட்டியலையும் வைத்துத் தொடங்குபவர் முதல் வாரத்திலேயே விழுவதன் காரணம் இந்தச் சிறிய எண்ணில் இருக்கிறது. பெயர் கொடுத்தவருக்கு முதலில் ஓர் உறுதிகேட்கும் மடல் அனுப்பி, அவர் அதிலுள்ள இணைப்பைத் தட்டிய பிறகே பட்டியலில் சேர்க்கும் இரட்டை ஒப்புதல் முறை, பட்டியலின் நீளத்தைக் குறைத்தாலும் அதன் தரத்தைக் காக்கிறது.

எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்று கணக்கெடுக்க, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படத்தை மடலில் ஒளித்துவைக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. ஆப்பிள் 2021இல் தன் அஞ்சல் செயலியில் அத்தகைய படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும் வசதியை ஏற்படுத்திய பின் அந்தக் கணக்கை நம்புவதற்கில்லை. வீட்டுக்கு வந்த கடிதத்தை ஒருவர் எப்போது பிரித்தார் என்பதை எழுதியவர் ஒட்டுப் பார்ப்பதை எவரும் ஒப்பமாட்டார்கள். மின்னஞ்சலிலும் அது முறையன்று.

இந்தியச் சட்டம் இந்தத் துறைக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தது. வணிகக் குறுஞ்செய்திக்கும் தொலைபேசி அழைப்புக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்க, மின்னஞ்சல் அவற்றுக்கு வெளியே நின்றது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மின்னஞ்சல் முகவரியும் தனிநபர் தரவே. அதைப் பயன்படுத்த வேண்டுமானால், இன்ன காரியத்துக்கு என்று தெளிவாகச் சொல்லி இசைவு பெற வேண்டும். இசைவைத் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். 2025 நவம்பரில் இதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகள் அங்கிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடப்புக்கு வருகின்றன.

அச்சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு, இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெற வாசகருக்கு உரிமை தந்திருப்பதாகும். மராத்தி பேசுவோரும் தமிழரும் வடநாட்டவரும் ஒரே குடியிருப்பில் வாழும் புனே போன்ற ஊரிலிருந்து மடல் அனுப்புவோர், கேட்கும் வாசகருக்கு அவர் மொழியிலேயே அந்த அறிவிப்பைத் தரவேண்டியிருக்கும். ஆனால் தமிழில் வரும் மடல்களில் பலவற்றிலும் விலகுவதற்கான அந்த ஒரு வரி மட்டும் இன்றும் ஆங்கிலத்தில், மங்கிய சாம்பல் நிறத்தில், அடியில் கிடக்கிறது. ‘இம்மடல் இனி வேண்டாமெனில் இங்கே தட்டவும்’ என்று தமிழில் எழுதி மடலின் தலைப்பகுதியிலேயே வைத்தால், அதற்குச் செலவாகும் எடை அலங்காரத்தோடு சேர்த்தும் ஒரு கிலோபைட்டைத் தாண்டாது.