தகவல் வாசகரைச் சென்றடையச் செய்தியோடை

அரசு அலுவலகம் ஒன்று தன் அறிவிப்பை இணையதளத்தில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆனால் வெளியிடுதல் வேறு. வாசகரிடம் சேர்ப்பித்தல் வேறு. கல்வி உதவித்தொகை பற்றிய அறிவிப்பு, விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்த பின்னரே மாணவரின் கண்ணில் படுமானால், அவரைப் பொறுத்தவரை அது வெளியிடப்படாததற்கே சமம்.

தேடும் செலவு

குறைந்த விலையைத் தேடி அறிவதற்கும் வாங்குவோருக்கு ஒரு செலவு உண்டு என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் விளக்கினார். இக்கருத்து அரசுத் தகவல்களுக்கும் பொருந்தும். அலுவலகம் செய்ய வேண்டிய சிறு பணி விடுபடும்போது அதற்கான செலவு மறைந்துவிடுவதில்லை. நாள்தோறும் தளத்தைத் திறந்து பார்ப்போரின் நேரமாகவும் இணையக் கட்டணமாகவும் அது மக்கள் மீது சுமத்தப்படுகிறது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதனைக் கருத்தில் கொண்டுள்ளது. மக்கள் விண்ணப்பித்துக் கேட்க வேண்டிய தேவை மிகவும் குறையும் வண்ணம், பொது அதிகார அமைப்புகள் தாமாகவே தகவல்களை அளித்துவர வேண்டும் என்றும், அவை எளிதில் கிடைக்கும் வடிவில் பரப்பப்பட வேண்டும் என்றும் அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. செலவு, வட்டார மொழி, அப்பகுதியில் பயன்தரும் தொடர்புமுறை ஆகியவற்றையும் கருத வேண்டும் என்பது அப்பிரிவின் விதியாகும்.

வலைப்பதிவர்கள் பயன்படுத்திய வழி

1999இல் பிளாகரும் 2003இல் வேர்ட்பிரஸும் அறிமுகமானதன் விளைவாக, கணினி நிரல் அறியாதவரும் வலைப்பதிவு எழுத முடிந்தது. பதிவுகள் பெருகவே, ஒவ்வொன்றையும் நாடிச் சென்று பார்ப்பது வாசகருக்கு இயலாததாயிற்று. இதற்குத் தீர்வாக அமைந்ததே செய்தியோடை. நெட்ஸ்கேப் நிறுவனம் 1999இல் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ். என்னும் வடிவம் இதன் தொடக்கம். 2005இல் ஆட்டம் என்ற மற்றொரு தரமும் வகுக்கப்பட்டது.

இது இயங்கும் முறை எளிது. தளத்தில் ஒரு சிறு உரைக்கோப்பு இருக்கும். புதிய பதிவுகளின் தலைப்பு, முகவரி, தேதி, சுருக்கம் ஆகியவை அதில் தாமாகவே சேரும். வாசகரின் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள ஓடை வாசிப்பான், அவர் தெரிவுசெய்த தளங்களின் கோப்புகளை அவ்வப்போது பார்த்து, புதியவற்றை ஒரே இடத்தில் தொகுத்துத் தரும். ஓடையைப் பெற வாசகர் தம் பெயரையோ தொலைபேசி எண்ணையோ அத்தளத்திற்கு அளிக்க வேண்டியதில்லை.

சமூக ஊடகங்களின் நிலை வேறு. அங்கு எச்செய்தி முதலில் தோன்ற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் கணிப்புமுறையே முடிவு செய்கிறது. விரைந்து பரப்புவதற்கு அவை துணைபுரியலாம். அரசு அறிவிப்புக்கு அவை மட்டுமே வாயிலாக இருத்தல் தகாது.

கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது ஓடைகளின் காலம் முடிந்தது எனப் பலர் எண்ணினர். ஆயினும் இது எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமல்லாத திறந்த தரமாதலால், வாசகர்கள் தம் பட்டியலுடன் வேறு வாசிப்பான்களுக்கு மாறிக்கொள்ள முடிந்தது. பாட்காஸ்ட் என்னும் ஒலிபரப்புகளும் இம்முறையிலேயே பரவின. நம் நாட்டில் பாரத ரிசர்வ் வங்கி, பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஆகியவற்றின் தளங்கள் ஓடை வசதியை அளித்துள்ளன.

ஓடையோடு வேண்டுவன

ஓடை மட்டும் போதுமானதன்று. முதலாவதாக, ஒவ்வொரு அறிவிப்புக்கும் மாறாத முகவரி வேண்டும். தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய முகவரி புதியதற்கு வழிகாட்ட வேண்டும்; இல்லையேல் கோப்புகளிலும் நூல்களிலும் குறித்துவைத்த மேற்கோள்கள் யாவும் பயனற்றுப்போகும்.

இரண்டாவதாக, ஆணையை ஸ்கேன் செய்த படமாக மட்டும் ஏற்றாமல், ஒருங்குறி எழுத்தில் உரையாகத் தர வேண்டும். படத்தில் உள்ள சொற்களைத் தேடுபொறி எளிதில் கண்டறியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பானும் அதைச் சரிவரப் படிக்காது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வகுக்கப்பட்டதன் நோக்கங்களுள் அனைவரும் அணுகத்தக்க நிலையை உருவாக்குவதும் ஒன்று.

மூன்றாவதாக, தலைப்பே பொருளை உணர்த்த வேண்டும். 'சுற்றறிக்கை எண் 14' என்பதால் வாசகர் எதையும் அறியார். யாருக்கு, எதைப் பற்றி, எந்நாளுக்குள் என்ற மூன்றும் தலைப்பிலோ சுருக்கத்திலோ இடம்பெறுதல் நலம். பின்னர் திருத்தம் செய்தால், அதன் தேதியையும் தன்மையையும் பதிவிலேயே குறிக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் ஓடையைத் தாமே உருவாக்குகின்றன. தேவைப்படுவது, பதிவேற்றும் பணியாளருக்குச் சிறிது பயிற்சியும் அலுவலரின் தொடர்ந்த கவனமுமே. இணைய வசதியற்றோருக்கு அறிவிப்புப் பலகையும் வானொலியும் செய்தித்தாளும் என்றும்போல் வேண்டும். எத்தனை அறிவிப்புகள் ஏற்றப்பட்டன என்பதைக் காட்டிலும், உரியவர் எத்தனை பேர் உரிய காலத்தில் அவற்றைப் பெற்றனர் என்பதே தகவல் பணியின் அளவுகோலாக அமைய வேண்டும்.