பட்டன் எங்கே போச்சு? திரை மாறுவதும், உங்கள் புகார் அதை மாற்றுவதும்

வானூர் வட்டத்தில் கிளியனூரிலோ திருவக்கரையிலோ உங்கள் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயிர்க்கடனுக்காகப் போன இடத்தில் "சிட்டா எடுத்துட்டு வாங்க" என்கிறார்கள். முன்பு இதற்காகவே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டியிருந்தது. இப்போது 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற நில ஆவண இணைய சேவைப் பக்கத்தைப் போனிலேயே திறக்கிறீர்கள். மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். பட்டா எண்ணையோ புல எண்ணையோ கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ஓடிபியை அடித்தால் நகல் வந்துவிடுகிறது.

ஒரு நாள் அதே பக்கம் வேறு மாதிரி இருக்கிறது. நிறம் மாறியிருக்கிறது. வழக்கமாக அழுத்தும் பட்டன் இருந்த இடத்தில் வேறு எதுவோ இருக்கிறது. "போன தடவை இங்கேதானே இருந்துச்சு?" என்று மேலும் கீழும் தள்ளித் தேடுகிறீர்கள். கடன் மனு கொடுக்க நாளைதான் கடைசி நாள் என்றால், இது வெறும் எரிச்சலோடு போகிற விஷயம் இல்லை.

நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, ஏன் மாற்றினார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். காரணங்கள் பல. அரசுப் பக்கங்களில் பழையவை பெரும்பாலும் மேசைக் கணினிக்காகச் செய்யப்பட்டவை. மவுஸ் முனைக்குச் சரியாக இருந்த சின்ன எழுத்து இணைப்பு, கட்டைவிரலுக்குச் சிக்காது. பக்கத்து இணைப்பு திறந்துகொள்ளும். பாதுகாப்பு இன்னொரு காரணம். பட்டா பார்க்கும் பக்கத்தில் முன்பு 'அங்கீகார மதிப்பு' என்று கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொன்னார்கள். பிறகு ஓடிபி வந்தது. சில நேரம் நாட்டு நடப்பே காரணமாகிவிடும். 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்து தனி மாவட்டமானது. சின்னசேலத்திலும் உளுந்தூர்பேட்டையிலும் நிலம் வைத்திருப்பவர்களின் பழைய காகிதங்களில் விழுப்புரம் என்றுதான் இருக்கும். பக்கத்திலோ கள்ளக்குறிச்சியில் தேட வேண்டும். இது தெரியாமல் விழுப்புரத்தின் வட்டப் பட்டியலை நாலு தடவை பார்த்தாலும் ஊர் கிடைக்காது.

இவற்றை எல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது பயன்படுத்துகிறவர்களின் புகார். இதற்கு நாம் எல்லோரும் நேரில் பார்த்த உதாரணம் கோவின்.

கொரோனா தடுப்பூசிக்காக 2021-இல் வந்த கோவின் தளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஜனவரி 16 அன்று தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். மார்ச் 1 முதல் பொதுமக்கள் தாங்களே பதிவு செய்யலாம் என்று வந்தது. ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கும் திறந்தார்கள். முதல் நாளிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். அவ்வளவு பேர் ஒரே திரையில் கைவைத்தால், உட்கார்ந்து வடிவமைத்தவர்கள் நினைத்தே பார்க்காத கோளாறெல்லாம் வெளியே வரும். வந்தது.

முதல் கோளாறு இது. தேதி பதிவு செய்துவிட்டு மையத்துக்கே போகாத சிலருக்கு, 'உங்களுக்குத் தடுப்பூசி செலுத்தப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. ஊசியே போடாமல் போட்டதாகக் கணக்கு. மக்கள் இதைச் சொன்ன பிறகு, மே 8 முதல் நான்கு இலக்கப் பாதுகாப்பு எண் வந்தது. பதிவுச் சீட்டிலும் குறுஞ்செய்தியிலும் அந்த எண் உங்களிடம் இருக்கும். மையத்தில் நீங்கள் சொன்னால்தான் அவர்கள் கணக்கில் ஏற்ற முடியும். திரையில் கூடியது ஒரே ஒரு சின்னக் கட்டம். ஆனால் அந்தக் கட்டம் பொய்க் கணக்குக்குப் பூட்டு போட்டது.

அடுத்தது மொழி. 2021 ஜூன் தொடக்கத்தில் கோவினில் இந்திய மொழிகளைச் சேர்த்தபோது, முதல் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கேள்வி எழுந்தது; சில நாட்களில் தமிழும் சேர்ந்தது. சான்றிதழில் பெயரோ பிறந்த ஆண்டோ தவறாக இருந்தால் என்ன செய்வது என்ற புலம்பலுக்கு, அதே மாதம் திருத்தம் கேட்கும் வசதி வந்தது. சான்றிதழில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்ததால் வெளிநாடு போகிறவர்களுக்குச் சிக்கலானது. செப்டம்பர் வாக்கில் முழுப் பிறந்த தேதியும் அச்சாகும்படி செய்தார்கள். ஒரு கைப்பேசி எண்ணில் நான்கு பேர்தான் என்ற வரம்பு, பெரிய குடும்பங்களுக்குப் போதவில்லை. 2022 ஜனவரியில் அது ஆறானது.

இதில் நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. 2021 மே 31 தேதியிட்ட உத்தரவில் உச்ச நீதிமன்றம் இந்தத் திரையையே எடுத்து வைத்துப் பேசியது. பார்வையற்றவர்களுக்குக் காதால் கேட்கும் கேப்ட்சா இல்லை. விசைப்பலகையை மட்டும் வைத்து நகர வழியில்லை. எத்தனை இடம் காலி என்பது அவர்களுக்குத் தெரிகிறது, எந்த நாளில் என்பது தெரியவில்லை. நிதானமாகப் பதிவு செய்கிறவரைத் தளம் பாதியிலேயே வெளியேற்றிவிடுகிறது என்றெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு வலைப்பக்கத்தின் நிறத்தையும் கால அவகாசத்தையும் பற்றிக் கவலைப்பட்டது. காரணம், அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாதவருக்கு ஊசி கிடையாது. வசதிக் குறைவு உரிமைக் குறைவாக மாறும் இடம் இதுதான். பட்டாவுக்கும், முதியோர் ஓய்வூதியத்துக்கும், சாதிச் சான்றிதழுக்கும் இதே கணக்குதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து படிவம் செய்கிறவருக்குத் தெரியாத விஷயம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும். வானூரின் அஞ்சல் குறியீடு 605-இல் தொடங்குகிறது. கோட்டக்குப்பம், ஆரோவில் எல்லாம் அதேதான். புதுச்சேரிக்கும் 605தான். திண்டிவனம் போனால் 604. இப்போது ஒரு படிவம், முதல் மூன்று எண்ணை வைத்து மாநிலத்தைத் தானே ஊகித்து நிரப்பும்படி செய்யப்பட்டிருந்தால் என்ன ஆகும்? மதுரையில் சரியாக வேலை செய்யும். வானூர்க்காரரை மட்டும் புதுச்சேரிக்காரராக்கிவிடும். மாற்றவும் முடியாதபடி அந்தக் கட்டம் பூட்டியிருந்தால், அவருக்கு அந்தச் சேவையே இல்லை. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். வானூரிலிருந்து ஒருவர் சொன்னால் போதும்.

"நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆகப்போகுது" என்று விட்டுவிடுகிறோம். திரை வடிவமைப்பு ஆய்வில் பேர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதியது: ஐந்து பேரை ஒரு பக்கத்தைப் பயன்படுத்தச் சொல்லிப் பக்கத்தில் இருந்து கவனித்தால், பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். ஆயிரம் பேர் வேண்டாம், ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவர் 60 வயதுக்காரராகவும், ஒருவர் விலை குறைந்த போன் வைத்திருப்பவராகவும் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் புகார் போய்ச் சேரும் விதம் முக்கியம். உள்ளே புகாரைப் பார்க்கிறவர் முதலில் செய்வது பிரிப்பதுதான். இது திரையின் கோளாறா, சர்வர் கோளாறா, பதிவேட்டில் உள்ள தரவின் கோளாறா, அல்லது விதிமுறையே அப்படியா? நாலும் நாலு மேசைக்குப் போகும்.

நில ஆவணத்தில் இந்தக் குழப்பம் நிறைய. பக்கத்தில் உங்கள் அப்பா பெயர் தப்பாக வருகிறது என்றால், அது பக்கத்தின் தப்பு அல்ல. பதிவேட்டில் அப்படி இருக்கிறது. பக்கம் அதைக் காட்டுகிறது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர்ப்பக்கம் 'யுடிஆர்' என்று சொல்வோமே, அதில் விழுந்த பெயர்ப் பிழைகள் பல இன்றும் அப்படியே வருகின்றன. எத்தனை முறை திரையை அழகாக்கினாலும் அது திருந்தாது. அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆதாரத்தோடு மனு கொடுக்க வேண்டும். பிழையின் தன்மையைப் பொறுத்து மேல் அலுவலருக்குப் போகும். ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியும் இதற்கான இடம்தான். கிராமக் கணக்கைச் சரிபார்த்து, மக்களிடம் மனு வாங்கும் அந்த ஏற்பாடு கணினிக்கு ரொம்ப முந்தியது. பயனாளர் கருத்துக் கேட்பு நமக்குப் புதுசு இல்லை.

மாறாக, பதிவேட்டில் 'கிருஷ்ணன்' என்று சரியாக இருந்தும், பெயர் வாரியாகத் தேடும்போது 'கிருஷ்ணண்' என்று அடித்ததால் 'தகவல் இல்லை' என்று மட்டும் வந்தால், அது திரையின் குறை. அருகில் உள்ள பெயர்களைக் காட்டலாம். குறைந்தபட்சம் 'புல எண் கொண்டு தேடிப் பாருங்கள்' என்றாவது சொல்லலாம். இதைத் தளத்தின் கருத்துப் பகுதிக்கே எழுதுங்கள். 2009-இல் முதலில் வெளிவந்து பிறகு திருத்தப்பட்ட இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டுதல்கள், கருத்துச் சொல்ல வழி வைத்திருப்பதை அரசுத் தளங்களிடம் எதிர்பார்க்கின்றன. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். கொஞ்சம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100 இருக்கிறது. இன்னொரு வழியை யாரும் நினைப்பதில்லை: உங்கள் ஊர் இ-சேவை மைய ஆபரேட்டர். ஒரு நாளில் அதே திரையை அவர் எத்தனையோ தடவை பார்க்கிறார். எங்கே எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்பது அவருக்குத்தான் அத்துப்படி.

எப்படி எழுதுவது? 'உங்க சைட் வேஸ்ட்' என்று எழுதினால் மனம் ஆறும், வேலை நடக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "பட்டா பார்க்கும் பக்கம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், இரும்பை கிராமம் தேர்ந்தெடுத்தேன். புல எண் கொடுத்தவுடன் உட்பிரிவு எண் பட்டியல் திறக்கவில்லை. ஆண்ட்ராய்டு போன், குரோம். திங்கள் காலை 11 மணி. மூன்று முறை முயன்றேன். வீட்டுக் கணினியில் சரியாக வருகிறது." இதைப் படிக்கிறவர் அதே வழியில் போய் அதே கோளாறைத் தானும் பார்க்க முடியும். தானும் பார்த்த கோளாறைத்தான் அவரால் சரிசெய்ய முடியும். கடைசி வரி பொன்னான வரி. கணினியில் வருகிறது, போனில் வரவில்லை என்றவுடன் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் சேருங்கள், ஆனால் அதில் ஆதார் எண்ணோ ஓடிபியோ தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

பதில் வருவதிலும் தரம் உண்டு. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்பது பதிலே அல்ல. என்ன கோளாறு, எப்போது சரியாகும், அதுவரை என்ன மாற்றுவழி என்று மூன்றையும் சொல்வதுதான் பதில். சில சமயம் 'முடியாது' என்பதும் நேர்மையான பதில். ஓடிபி தொல்லை என்று பலர் சொன்னாலும் பாதுகாப்புக்காக அதை எடுக்க மறுக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும், வந்துசேரக் கூடுதல் நேரமாவது கொடுக்க வேண்டும்.

மாற்றுகிற விதத்திலும் பாடம் இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறையின் புதிய தளம் பழையதை ஒரேயடியாக மாற்றிக்கொண்டு வந்தது. கோளாறுகள் தொடர்ந்ததில், ஜூலை 31-ஆக இருக்க வேண்டிய கணக்குத் தாக்கல் கடைசித் தேதி, பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, கடைசியில் டிசம்பர் 31 வரை போனது. இங்கிலாந்து அரசோ தன் ஒருங்கிணைந்த தளத்தை 2012 ஜனவரி கடைசியில் சோதனை வடிவமாக மக்கள் முன் வைத்தது. பழைய தளங்கள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, கருத்துக் கேட்டுத் திருத்தி, அக்டோபரில்தான் மாற்றியது. ஆகவே நம் பக்கங்களில் எங்காவது 'புதிய வடிவத்தை முயன்று பாருங்கள்' என்று ஒரு பட்டை தெரிந்தால் மூடிவிடாதீர்கள். திருத்தம் சுலபமாக நடக்கும் காலம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. பக்கம் மாறிய முதல் வாரம் ஏமாற்றுக்காரர்களுக்கும் வசதியான வாரம். 'இதுதான் புது பட்டா ஆப்' என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியில் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள தளப் பெயர் 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். திரை எவ்வளவு மாறினாலும் அது மாறாது. போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்கிறவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். பக்கமே புரியவில்லை, நாளை கடைசி நாள் என்றால், இ-சேவை மையத்துக்குப் போய் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். புகாரை ராத்திரி சாவகாசமாக எழுதலாம். புகார் எண்ணை மட்டும் குறித்து வையுங்கள், அடுத்த தடவை கேட்க அதுதான் வேண்டும்.