பிஞ்சு மேனி – 11: உச்சந்தலையில் மஞ்சள் பொருக்கு

பிறந்த சில நாளில் தோன்றி, தானே மறையும் சிவப்புத் தடிப்புகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அவை போய், வீடு கொஞ்சம் மூச்சுவிடும் நேரத்தில் அடுத்தது வந்து நிற்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கு. சில குழந்தைகளுக்குப் புருவத்திலும் காதுக்குப் பின்னாலும்கூட இருக்கும். டாக்டர்கள் இதை கிரேடில் கேப் என்பார்கள். பெரியவர்களுக்கு வரும் பொடுகின் உறவுக்காரன்தான்.

இதைக் காட்ட வரும் தாய்மார்கள் தனியாக வருவது அபூர்வம். கூட வந்த பெரியவர்தான் முதலில் பேசுவார். "புள்ளைக்கு ஒழுங்கா தலைக்கு ஊத்துனாத்தானே டாக்டரம்மா? பயந்து பயந்து தண்ணியத் தெளிச்சா இப்படித்தான் பொருக்கு கட்டும்." பெற்றவள் தலையைக் குனிந்துகொள்வாள். பிரசவமாகி ஒரு மாதம் ஆகாத உடம்பு, இரவில் தூக்கம் கிடையாது, பால் பற்றுகிறதா என்ற கவலை வேறு. அதற்குமேல் இந்தப் பழியும். அதனால் வைத்தியத்துக்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். பொருக்கு வந்ததற்குத் தாயின் கவனக்குறைவு காரணமல்ல. தினமும் தலைக்கு ஊற்றும் குழந்தைக்கும் இது வரும். தாய் சாப்பிட்ட எதனாலும் வந்ததில்லை. ஒட்டுவாரொட்டியும் அல்ல, பக்கத்தில் படுக்கும் அக்காவுக்குத் தொற்றாது.

காரணம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கருவில் இருக்கும்போது தாயின் ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. பிறந்த பிறகும் சில வாரங்களுக்கு அந்தச் சுரப்பிகள் மும்முரமாகவே இருக்கும். உதிர்ந்துபோக வேண்டிய பழைய தோல் செல்கள் அந்தப் பிசுக்கில் மாட்டி அடுக்கடுக்காகப் படிகின்றன. கூடவே மாலசீசியா என்னும் பூஞ்சையும் சேர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் லூயி சார்ல் மாலசேயின் பெயர் அதற்கு. நம் எல்லோர் தோலிலும் இருக்கிற ஈஸ்ட் வகை அது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்க அதற்குத் தெரியாது. தோலின் எண்ணெயைத்தான் தின்று வாழ வேண்டும். அது தின்று மீந்தவை தோலை உறுத்துகின்றன. இந்தப் பூஞ்சைக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

மாதங்கள் போகப் போகச் சுரப்பிகள் அடங்கும். பொருக்கும் மெலியும். ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இருந்த இடமே தெரியாது. நம் ஊரில் குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை போடுவதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். "மொட்டை போட்டதும் போயிடுச்சு" என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். வேண்டுதலை அதற்குரிய நாளில் நிறைவேற்றுங்கள். பொருக்குக்காக முன்கூட்டியே மழிக்க வேண்டாம். செதில் மேடுகளில் கத்தி பட்டால் கீறும், கீறலில் கிருமி புகும்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். இந்த வாரம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். உச்சிக்குழியில் விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வைத்து அப்படியே விட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம். உச்சி குளிர வேண்டும் என்பார்கள். பொருக்கைக் கண்டதும் இன்னும் அதிகமாக வைப்பார்கள். ஆனால் உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்த பயத்தில், அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவ யாருக்கும் கை வராது. எண்ணெய் தங்குகிறது, அதில் செதில் ஒட்டுகிறது, மறுநாள் அதன்மேல் மறுபடி எண்ணெய். நடு உச்சியில் மட்டும் பொருக்கு தடித்துக் கிடக்கும் குழந்தைகளைப் பார்த்தால், வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குக் கேட்காமலே புரிந்துவிடும். அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைப்பது தேய்த்துக் கழுவத்தான். எண்ணெயின் வேலையும் செதிலை ஊறவைப்பது மட்டுமே. கழுவி எடுத்தால்தான் அந்த வேலை முடியும்.

உச்சிக்குழியைக் கண்டு பயப்பட வேண்டாம். எலும்பு இன்னும் கூடாத அந்த இடத்தில் தோலுக்கு அடியில் உறுதியான சவ்வு இருக்கிறது. துடிப்பு இயல்பானது. விரல் நுனியால் தேய்ப்பதாலோ மெல்லிய பிரஷ்ஷாலோ மூளைக்கு எதுவும் ஆகாது. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது மூடிக்கொள்ளும்.

எந்த எண்ணெய்? பேபி ஆயில் என்று விற்கும் மினரல் ஆயிலும், வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியும் பூஞ்சைக்கு உணவாவதில்லை. ஆலிவ் எண்ணெயை நான் சொல்வதே இல்லை. மாலசீசியாவை வளர்க்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் வளர்ப்பு ஊடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். அதில் மிகுதியாக உள்ள ஓலியிக் அமிலம் தோலின் காப்பு அடுக்கையும் தளர்த்தும். கடுகு எண்ணெயும் வேண்டாம், எரிச்சல் தரும். வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய்தான் என்றால் தாராளமாக அதையே தடவுங்கள், அன்றைய குளியலிலேயே முழுக்கக் கழுவிவிடுவதாக இருந்தால்.

குளிப்பாட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பு பொருக்கின் மேல் மெல்லியதாகத் தடவி, விரல் நுனியால் வட்டமாக நீவுங்கள். செதில் இளகியதும் மெல்லிய பேபி பிரஷ்ஷாலோ ஈரப் பருத்தித் துணியாலோ மெதுவாகத் தேயுங்கள். வருவது வரட்டும், வராததை நாளைக்கு விடுங்கள். பிறகு கொஞ்சம் பேபி ஷாம்பு போட்டு, எண்ணெய் மிச்சமில்லாமல் வெதுவெதுப்பான நீரில் அலசித் துவட்டுங்கள். சில நாள் தினமும் செய்துவிட்டு, குறையத் தொடங்கியதும் வாரம் இரண்டு முறை போதும். செதிலோடு சில முடிகளும் வரும், முளைத்துவிடும். நகத்தால் பெயர்க்காதீர்கள். பேன்சீப்பு கூடவே கூடாது. எலுமிச்சை, வெங்காயச் சாறு, வசம்பு எதுவும் வேண்டாம். தலை உலர்த்தச் சாம்பிராணி புகையும் வேண்டாம். அது போய்ச் சேருவது பச்சைக் குழந்தையின் நுரையீரலில். பெரியவர்களின் பொடுகு ஷாம்புகள் சிலவற்றில் சாலிசிலிக் அமிலம் இருக்கும். குழந்தைத் தோல் அதை எளிதில் உறிஞ்சும் என்பதால் அதைத் தொடவே கூடாது.

சில வாரத்தில் குறையாவிட்டால், தோல் சிவந்து பரவினால், கீட்டோகோனசோல் 2 சதவீதம் அல்லது சில நாளுக்கு மட்டும் ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம் டாக்டர் எழுதித் தரலாம். இந்த மருந்துகளுக்கான ஆதாரம் மெலிதானதுதான். 2019-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்புக்குக் கிடைத்தவை 6 சிறு ஆய்வுகள், மொத்தம் சுமார் 300 குழந்தைகள். எந்தச் சிகிச்சை மேல் என்று உறுதியாகச் சொல்ல அதனால் முடியவில்லை. தானாகப் போகிற ஒன்றுக்குப் பொறுத்திருப்பதே என் முதல் தேர்வு. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் கலவை க்ரீமைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒரே ட்யூபில் இருக்கும். தடவிய இரண்டு நாளில் தோல் பளிச்சென்று ஆகும். அதைத் தொடர்ந்தால் பிஞ்சுத் தோல் மெலியும், ஸ்டீராய்டு உடம்புக்குள்ளும் போகும்.

எப்போது காட்டியே ஆக வேண்டும்? கிரேடில் கேப் குழந்தையை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. குழந்தை தலையைத் தேய்த்துத் தேய்த்து அழுதால், கன்னத்திலும் கைகால்களிலும் வறண்ட தடிப்பு இருந்தால் அது எக்ஸிமாவாக இருக்கலாம். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். நீர் கசிந்தால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால் அன்றே போங்கள். உடம்பு முழுதும் சிவந்து உரிந்து, பேதியும் இருந்து, எடையும் ஏறவில்லையா? அந்த நிலையை 1908-இல் வியன்னாவின் கார்ல் லைனர் விவரித்தார். நோய் எதிர்ப்புக் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். செதிலுக்கு நடுவே ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் தெரிந்தாலும், ஒரு வயது தாண்டியும் பொருக்கு மாறாவிட்டாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மிக அரிதான லாங்கர்ஹான்ஸ் செல் நோய் இப்படித் தொடங்குவதுண்டு. தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

இதே பொருக்கு கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வரும்போது செதில் இருக்காது. சிவந்து ஈரமாக மட்டும் இருக்கும். அதை வேர்க்குரு என்று நினைத்து பவுடர் போடுகிறார்கள். மடிப்புகளைப் பற்றியும் அந்தப் பவுடரைப் பற்றியும் அடுத்த வாரம்.