தெரியுமா? பாடகர் நிற்கும் இடத்தில் பெட்டியே இல்லை!

தெரியுமா? கொழும்பில் வானொலி முறைப்படி ஒலிபரப்பைத் தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி. இன்று நம் மேசையில் இருக்கும் ஸ்பீக்கர் எப்படி இயங்கும் என்று விளக்கும் ஆய்வுக் கட்டுரை வெளியானதும் அதே 1925இல்! அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துப் பொறியாளர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாக்கும் எழுதியது அது. ஒரு காந்தம், அதன் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. நூறு வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கு ஹட்டன் டவுனில் ஒரு கடைக்குள் நுழைந்து எந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாலும் உள்ளே அநேகமாக அதே காந்தம், சுருள், கூம்புதான்!

கொழும்பில் 1923இல் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் நடத்திய முதல் பரிசோதனை ஒலிபரப்புக்கு எதை வைத்துக் கருவி செய்தார்கள் தெரியுமா? பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களை வைத்து! கடலுக்கடியில் போர் செய்த கருவி பாட்டுப் பாட வந்தது. அந்தப் பாட்டுத்தான் பிற்பாடு ரேடியோ சிலோனாக மலைக்கு மேலே லயத்துக் காம்பராக்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது கம்ப்யூட்டரும் கையுமாக, "பாட்டுக்கும் கேமுக்கும் சேர்த்து, விலைக்குத் தகுந்த நல்ல ஸ்பீக்கர் எது?" என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

முதலில் தப்பு மேளத்திலிருந்து தொடங்குவோம். ஒரு காலத்தில் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு ஆளைக் கூப்பிட்டது தப்புச் சத்தம். காமன் கூத்துக்கு இன்றும் அதுதான் உயிர். அடிப்பதற்கு முன்னால் தீ மூட்டித் தப்பை ஏன் காட்டுகிறார்கள்? பனியில் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். சூடு பட்டால் ஈரம் போய் விறைக்கும். சத்தம் கணீரென்று எழும். ஸ்பீக்கரும் தப்புத்தான்! கையால் அடிப்பதற்குப் பதிலாகக் கரண்ட் அடிக்கிறது. கனத்த 50 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் கூம்பு ஒரு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. பாட்டு ஓடும்போது கூம்பின் ஓரத்தில் விரல் நுனியை மெல்ல வைத்துப் பாருங்கள். தாளம் விரலுக்குள் ஏறும்.

தப்புக்கு எதிரியான அதே நுவரெலியாப் பனிதான் ஸ்பீக்கருக்கும் எதிரி. கூம்பைச் சுற்றி வளையமாக ஒரு விளிம்பு இருக்கிறதே, அது ஸ்பாஞ்சா ரப்பரா என்று கடையிலேயே பாருங்கள். ஸ்பாஞ்சு விளிம்பு ஈரக் காற்றில் சில வருஷங்களில் நமத்துப் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் நின்று பிடிக்கும். இரண்டாம் கைச் சாமான் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே இந்த விளிம்பைத்தான்.

அடுத்தது வாட்! இங்கேதான் நம் பிள்ளைகளின் காசு அதிகமாக வீணாகிறது. பெட்டிமேல் "1000 வாட் பிஎம்பிஓ" என்று அச்சடித்திருப்பார்கள். அது கண் இமைக்கும் நேரத்துக்கு, கற்பனையில் மட்டும் எட்டக்கூடிய உச்சம். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டு எழுதும் எண். "ஆர்எம்எஸ்" என்று போட்ட எண்தான் ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் வலு. அந்த எண் பெட்டியில் எங்குமே இல்லையென்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இதைவிட வியப்பு ஒன்று சொல்கிறேன். ஒரு ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் அதில் ஏறக்குறைய 1 வாட்டுத்தான் ஒலியாக வெளியே வருகிறது. மிச்சமெல்லாம் சூடாகி வீணாகிறது! இன்னொன்று: 10 வாட் ஸ்பீக்கரின் இடத்தில் 20 வாட் வைத்தால் சத்தம் இரண்டு மடங்காகாது. கொஞ்சம் கூடிய மாதிரித் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வலு பத்து மடங்காக வேண்டும். 10 வாட்டுக்கு 100 வாட்! ஆக, 30 வாட்டா 40 வாட்டா என்று கடையில் நின்று குழம்புவதில் பலனே இல்லை.

சரி, மேசைக்கு எவ்வளவுதான் வேண்டும்? நல்ல சிறிய ஸ்பீக்கர் ஒன்று வெறும் 1 வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் அளவுக்குப் பாடிவிடும். காது கெடாமல் கேட்க உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லையோ வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 1 வாட்டே தாராளம்! கம்ப்யூட்டரின் பழைய யூஎஸ்பி 2 துளை கொடுப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். அதில் கரண்ட் எடுத்து ஓடும் குட்டி ஸ்பீக்கர்களில்கூட மேசைக்குப் போதுமானவை இருக்கின்றன. ஆனால் அந்தத் துளையிலிருந்து மட்டுமே கரண்ட் எடுக்கும் பெட்டிமேல் "50 வாட்" என்று போட்டிருந்தால் அது பொய் என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி! வெள்ளைக்காரன் காலத்து லயத்துக் காம்பராவின் அளவு அது. எத்தனையோ குடும்பங்கள் பிறந்து வளர்ந்து வாழ்ந்து முடித்த அளவு. அந்தக் காம்பராவே ஒரு வாத்தியம் என்பது தெரியுமா? எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அடிபட்டுத் திரும்பும் ஒலி, அந்த நீளத்துக்குப் பொருந்திய ஒரு சுருதியில் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். பன்னிரண்டடிச் சுவருக்கு அது ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ். பத்தடிச் சுவருக்கு 56. இரண்டுமே பேஸ் கிட்டாரும் பெரிய மேளமும் உலவுகிற அடித்தளம். நீங்கள் வாங்காமலேயே சுவர்கள் உங்களுக்கு பேஸ் கொடுக்கின்றன!

சோதித்துப் பாருங்கள். போனில் 47 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும் ஆப் ஒன்றை இறக்கி, அடிச்சுருதியை ஓரளவு பாடக்கூடிய ஸ்பீக்கரில் கோத்து ஓடவிடுங்கள். பன்னிரண்டடி நீளத்தின் ஒரு கோடியில் சுவர் ஓரமாக நின்றால் நெஞ்சுக்குள் இறங்கும். அங்கிருந்து மெல்ல நடந்து அறையின் நடுவுக்கு வாருங்கள், சத்தம் சுருங்கிக் கிட்டத்தட்ட மறைந்தே போகும். இன்னும் இரண்டெட்டு வைத்து எதிர்ச் சுவருக்குப் போங்கள், மறுபடி எழும். ஸ்பீக்கர் மாறவில்லை, வால்யூம் மாறவில்லை, நீங்கள் நின்ற இடம் மட்டும் மாறியது. "இந்த ஸ்பீக்கரில் பேஸே இல்லை" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் கதிரையை ஓரடி நகர்த்திப் பார்க்கட்டும்.

இதனால்தான் சிறிய அறைக்காரர்களிடம் நான் அடித்துச் சொல்வது: கீழே வைக்கும் வூஃபர் பெட்டியோடு வரும் "2.1" வேண்டாம், அதே காசுக்கு இரண்டே பெட்டியான "2.0" வாங்குங்கள். ஒரே பணத்தை மூன்று பெட்டிக்குப் பங்கிட்டால் மூன்றும் மெலியும். இரண்டுக்குப் பங்கிட்டால் பாடும் குரல் தெளியும். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். அடுத்த காம்பராவின் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கீச்சுக் குரலைச் சுவர் தடுத்துவிடும், உறுமலைத் தடுக்காது. விடிந்தால் கொழுந்தெடுக்கப் போக வேண்டிய ஒரு அக்கா அந்தச் சுவருக்கு அப்பால் தூங்குகிறார். அவருடைய உறக்கமும் நம் ஸ்பீக்கர் தேர்வில் ஒரு கணக்காக வேண்டும்.

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, ஸ்பீக்கர் பெட்டியையும் அப்படித்தான் வாங்க வேண்டும். விரல் முட்டியால் பக்கத்தில் தட்டுங்கள். டொக் என்று செத்த சத்தம் வந்தால் நல்ல பெட்டி. டங்கென்று அதிர்ந்தால் பாட்டோடு சேர்ந்து பெட்டியும் பாடும், குரல் கலங்கிவிடும். பின்னால் ஒரு ஓட்டை இருந்தால் அது பேஸ் வெளியேறும் வாய். சுவரோடு ஒட்டி வைத்து அதை அடைக்காதீர்கள். முன்பக்கம் ஓட்டை உள்ளது கிடைத்தால் இடம் குறைந்த வீட்டுக்கு அது நல்லது.

அப்புறம், இந்த வித்தைக்குக் காசே வேண்டாம்! மேல் சுருதிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். பெட்டி மேசைமேல் படுத்துக் கிடந்தால் அவை உங்கள் நெஞ்சுக்குப் பாடும், காதுக்குப் பாடாது. இரண்டு பக்கமும் நாலு பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி, பெட்டியில் மேல் சுருதி பாடும் சிறிய ஸ்பீக்கர் காது மட்டத்துக்கு வரும்படி ஏற்றுங்கள். இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். பெட்டிகளை உங்கள் முகத்தைப் பார்க்கத் திருப்புங்கள். விலை உயர்ந்த ஸ்பீக்கருக்கு மாறிய மாதிரி இருக்கும்.

கேம் ஆடுகிற தம்பிகளுக்கு! பின்னால் வரும் காலடி இடமா வலமா என்று உங்கள் காது எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளந்து! ஒரு நொடியை ஒரு லட்சம் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவோ, அந்தளவு நுண்ணிய வித்தியாசத்தைக்கூட மனிதக் காது உணரும். இவ்வளவு கூர்மையான காதை வைத்துக்கொண்டு புளூடூத்தில் கேம் ஆடாதீர்கள். சாதாரண புளூடூத் ஒலி 200 மில்லி நொடி வரைக்கும் பிந்தி வரும். அந்த நேரத்தில் ஒலி 68 மீட்டர் போய்விடும்! ஸ்பீக்கரைத் தூக்கி அடுத்த லயத்தின் கோடியில் வைத்துக்கொண்டு ஆடுகிற கதை. பாட்டுக்கு புளூடூத் பரவாயில்லை, கேமுக்கு வயர்தான். அந்த 3.5 மில்லிமீட்டர் பின்கூட 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் பெண்கள் செருகிச் செருகி எடுத்த பெரிய பின்னின் பேரப்பிள்ளைதான்.

போஸ் என்ற உலகப் பெயர் ஒரு வங்காளியுடையது, தெரியுமா? அமர் போஸின் தந்தை, வெள்ளையரை எதிர்த்ததால் வங்காளத்தை விட்டு அமெரிக்கா போனவர். மகன் 1964இல் கம்பெனி தொடங்கினார். வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாடவைத்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை நம் பக்கத்து ஆசியாவில், சிங்கப்பூரில், சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனத்தில் 1989இல் பிறந்தது. அதே நிறுவனம் உருண்டையான பெபிள் என்ற சிறிய யூஎஸ்பி ஸ்பீக்கரைச் செய்தது. குறைந்த விலை மேசை ஸ்பீக்கர் என்றால் உலகெங்கும் பலர் முதலில் சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று.

விடியற்காலையில் அடுத்த மலைத் தோட்டத்துக் கோயில் பாட்டு நம் வாசலில் பாடுவது போலக் கேட்கிறதே, அதற்குக் காரணம்? இரவில் குளிர்ந்த கனத்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டு நிற்கும். மேலே தப்பிக்கப் பார்க்கும் ஒலி அந்த மூடியில் வளைந்து கீழே, நம்மிடமே திரும்புகிறது! வெயில் ஏறியதும் மூடி கலைந்துவிடும், பாட்டும் தேய்ந்துவிடும். கோயில் குழாய் ஸ்பீக்கரின் அந்த விரிந்த வாயும் சும்மா இல்லை. சாதாரண ஸ்பீக்கர் நூற்றில் ஒரு பங்கை ஒலியாக்கும் இடத்தில் குழாய் அதைப் பல மடங்காக்கிவிடும்.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மத்தியானத்துக்குப் பிறகு மலையில் இடி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எங்கள் வீட்டில் ஒரு ஜோடி அப்படிப் போயிருக்கிறது.

கடைசியாக, எனக்கு இன்றும் ஆறாத வியப்பு. 1931இல் ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்கக் குரல் இன்னொரு பக்கமிருந்து வருகிறதே என்று மனைவியிடம் சொல்லி, அதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமைக்கு எழுதினார். ஸ்டீரியோ அங்கே பிறந்தது! இரண்டு பெட்டியும் ஒரே குரலை ஒரே அளவில் பாடினால், குரல் இரண்டிலிருந்தும் வராது. நடுவே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வரும். கடையில் ஸ்பீக்கரைச் சோதிக்க இதுதான் சோதனை: உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைக் கொண்டுபோய், இரண்டுக்கும் நடுவில் நின்று கண்ணை மூடுங்கள். பாடகர் நடுவில் தெளிவாக நின்றால் வாங்குங்கள். புகையாகக் கலைந்து நின்றால் அடுத்த ஜோடியைக் கேளுங்கள்.

புத்தக அடுக்கின்மேல் ஸ்பீக்கரை ஏற்றிய அன்று, வாழ்நாள் முழுக்க ஒற்றை ரேடியோப் பெட்டியில் பாட்டுக் கேட்ட எங்கள் அம்மாவை அந்தக் கதிரையில் உட்காரவைத்தேன். பழைய சுசீலா பாட்டு ஒன்று. அம்மா இடது பெட்டியைப் பார்த்தார், வலது பெட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், இரண்டுக்கும் நடுவில் கலண்டர் தொங்கிய வெறும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.