நாஞ்சிலும் சிறு டிராக்டரும்

நாஞ்சில் என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். வலியசாலையிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால், நாகர்கோவிலைச் சூழ்ந்து கிடக்கும் வயல்வெளியைக் காணலாம். தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய வட்டங்களில் பரந்துள்ள அந்நிலப்பகுதிக்கு நாஞ்சில் நாடு என்று பெயர். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று அது புகழப்பெற்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோது அது தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன்னர் அங்கிருந்து திருவனந்தபுரத்தில் வந்து குடியேறியோர் வேறு மாநிலத்திற்கு வரவில்லை. தம் நாட்டின் தலைநகருக்கே வந்தனர்.

உங்களுள் சிலருக்கு அங்கோ, தமிழகத்தின் வேறு ஊர்களிலோ, தாத்தாவின் பெயரில் இன்னும் சிறிது நிலம் இருக்கக்கூடும். தொழுவத்தில் ஏர்மாடு இல்லை. உழவுக்கு ஆள் கிடைப்பது அரிது. பருவத்தில் உழாத நிலம் ஓராண்டில் தரிசாகும். சில ஆண்டுகளில் புதராகும். பின்னர் மனையாகவும் ஆகிவிடும். விடுமுறையில் நீங்கள் ஊருக்குச் செல்லும்போது, திண்ணையில் பெரியவர்கள் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். “ஒரு சின்ன டிராக்டர் வாங்கிப் போட்டால் என்ன?” என்பார் ஒருவர். “இந்த மூன்று ஏக்கருக்கா? விற்றுவிட்டுப் போகலாம்” என்பார் மற்றொருவர். அப்பேச்சில் பொருளோடு கலந்துகொள்ள உங்களுக்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்திற்கு 3 ஏக்கர் நிலம் இருப்பதாகக் கொள்வோம். அதில் 2 ஏக்கர் நெல்வயல். 1 ஏக்கர் தென்னந்தோப்பு. இது சிறிய நிலம் என்று எண்ண வேண்டா. 2015–16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஓர் உழவர்க்குரிய சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கருக்கும் குறைவு. கேரளத்திலோ அது 0.18 ஹெக்டேர் மட்டுமே. நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 44 சென்ட்.

டிராக்டர் என்றவுடன் எல்லாரும் முதலில் கேட்பது அதன் குதிரைத்திறனைத்தான். 75 கிலோகிராம் எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைத்திறன். ஓர் இணை ஏர்மாடுகளின் ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவே. நம் நாட்டுச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் டிராக்டர்கள் 35 முதல் 50 குதிரைத்திறன் உடையவை. 15 முதல் 30 வரை உள்ளவற்றைச் சிறு டிராக்டர் அல்லது மினி டிராக்டர் என்கிறோம். மகிந்திரா யுவராஜ் 215 என்னும் வண்டி 15 குதிரைத்திறன் உடையது. மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441 ஆகியவை 24 குதிரைத்திறன் உடையவை. ஊரில் பெரிய வண்டி ஒன்று வாசலில் நிற்பது பெருமைதான். ஆனால் நிலம் அப்பெருமையை அறியாது.

தென்னந்தோப்பையே பாருங்கள். மரத்திற்கு மரம் 7.5 மீட்டர் இடைவெளி விடுவது முறை. அவ்வாறு நட்டால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 70 மரங்கள் நிற்கும். தென்னைக்கு ஆணிவேர் இல்லை; நீரையும் உரத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மரத்தடியிலிருந்து 2 மீட்டர் தொலைவுக்குள்ளேயே பரவியிருக்கும். அந்த வட்டத்திற்குள் கலப்பை புகுந்தால் வேர் அறுபடும். இருபுறமும் 2 மீட்டர் விட்டுவிட்டால், இரு வரிசைகளுக்கு நடுவே உழக் கிடைப்பது 3.5 மீட்டர் அகலமுள்ள ஒரு நடைபாதை போன்ற நிலமே. 1.2 மீட்டர் அகலக் கருவியை இழுக்கும் சிறு டிராக்டர் அதனை மூன்று ஓட்டத்தில் முடித்துவிடும். தோப்பின் ஓரத்தில் வண்டியைத் திருப்பவும் அதற்குச் சிறிது இடமே போதும். பெரிய டிராக்டர் திரும்பும்போது ஓரத்து இளங்கன்று ஒன்றையாவது உரசிவிடும்; தாழ்ந்த மட்டைகளும் ஓட்டுநரின் தலையில் இடிக்கும்.

வயலுக்கு வேறு கணக்கு. நாற்று நடுவதற்கு முன் வயலில் நீர் நிறுத்தித் தொளி கலக்க வேண்டும். அச்சேற்றுக்கு அடியில், ஒரு சாண் ஆழத்தில், பல்லாண்டு உழவினால் இறுகிய மண்படலம் ஒன்று உண்டு. வயலில் நீர் கீழே ஓடிவிடாமல் தங்குவது அதனால்தான். எடை மிகுந்த வண்டி அப்படலத்தை உடைத்துக்கொண்டு புதையும். பிறகு அவ்விடத்தில் ஆண்டுதோறும் புதைந்துகொண்டே இருக்கும். எடை மிகக் குறைந்த வண்டியோ சேற்றில் பிடிப்பின்றிச் சக்கரத்தை வீணாகச் சுழற்றும். ஆகையால் நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்லும் சிறு டிராக்டரே வயலுக்கு ஏற்றது. பின்சக்கரங்களோடு இரும்புச் சட்டங்களாலான கூண்டுச் சக்கரங்களையும் பூட்டினால், எடை பரவலாகிப் பிடிப்பும் கூடும். கேஜ் வீல் என்று ஊரில் அதனைச் சொல்வார்கள். அதனைப் பூட்டியபடி தார்ச்சாலையில் ஓட்டலாகாது, சாலை பெயர்ந்துவிடும்.

இனி, மாட்டையும் கலப்பையையும் இணைத்த நுகத்தடியின் வேலையை டிராக்டரில் செய்வது எது என்று காண்போம். வண்டியின் பின்புறம் கீழே இரண்டு கைகளும் மேலே ஒன்றுமாக மூன்று இணைப்புகள் இருக்கும். வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் என்பவர் 1920களில் உருவாக்கிய அமைப்பு இது. அதற்கு முன்னர் டிராக்டர் கலப்பையை வண்டிபோல் வெறுமனே இழுத்துச் சென்றது. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், வண்டியே முன்புறம் எழும்பிப் பின்னால் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றதும் உண்டு. மூன்று இணைப்பில் கலப்பையும் வண்டியும் ஒரே உடலாகின்றன. கலப்பையின் இழுப்பு பின்சக்கரங்களை மண்ணில் அழுத்துகிறது. எடை குறைந்த வண்டியும் ஆழ உழ முடிவது இதனால்தான். சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் செய்த மாசி ஃபெர்குசன் டிராக்டர்களின் பெயரில் இன்றும் அவர் பெயர் விளங்குகிறது.

மூன்று இணைப்புக்கு நடுவே சுழலும் தண்டு ஒன்று வெளியே நீண்டிருக்கும். பி.டி.ஓ. என்று அதனை அழைப்பர். அது நிமிடத்திற்கு 540 முறை சுழல்வது உலகெங்கும் உள்ள அளவுகளுள் ஒன்று. கடைக்காரர் 24 குதிரைத்திறன் என்று சொல்வது எந்திரத்தின் ஆற்றல்; இத்தண்டின் வழியாகக் கருவிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20தான். எனவே கருவி வாங்கும்போது கேட்க வேண்டியது பி.டி.ஓ. ஆற்றலையே.

கருவிகளில் முதலாவது கொத்துக் கலப்பை. பெரிய வண்டிக்கு ஒன்பது கொத்து என்றால், சிறு வண்டிக்கு ஐந்து கொத்து போதும். அதன் முனையிலுள்ள இரும்புக்கு இன்றும் கொழு என்றே பெயர்; மரக்கலப்பையில் இருந்த அதே சொல். அடுத்தது ரோட்டாவேட்டர் எனப்படும் சுழல் கலப்பை. பி.டி.ஓ. தண்டினால் சுழலும் அதன் கத்திகள் மண்ணைப் பொடியாக்கி, களையையும் தாளையும் மண்ணோடு கலந்துவிடும். 24 குதிரைத்திறன் வண்டிக்கு 1 முதல் 1.2 மீட்டர் அகலமுள்ளதே பொருந்தும். ஒரே ஓட்டத்தில் வேலை முடிகிறது என்பதால் எல்லாரும் இதனையே விரும்புகின்றனர். எனினும் ஆண்டு முழுவதும் இதனையே ஓட்டினால் மேல்மண் மாவாகி, கத்தி எட்டாத ஆழத்தில் மண் இறுகிப்போகும். கொத்துக் கலப்பையையும் இடையிடையே பூட்டுவதே நிலத்திற்கு நல்லது. இவற்றோடு வயலைச் சமன் செய்யும் பரம்புப் பலகை ஒன்றும், தேங்காயும் உரமும் ஏற்ற ஒரு சிறு டிரெய்லரும் இருந்தால் நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்திற்குப் போதும்.

ஆனால் வாங்கத்தான் வேண்டுமா? இங்கே எழுதுகோலை எடுக்க வேண்டும். 1.2 மீட்டர் கருவியோடு மணிக்கு 2.5 கிலோமீட்டர் விரைவில் சென்றால், ஒரு மணி நேரத்தில் 3,000 சதுர மீட்டர் உழலாம். வரப்போரம் திரும்புவதில் கால்பங்கு நேரம் கழிந்தால் மிஞ்சுவது 2,250 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர்; ஆகவே ஏக்கருக்கு 1.8 மணி நேரம். நாஞ்சில் நாட்டில் நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பருவங்கள். கன்னி மாதத்திலும் கும்ப மாதத்திலும் அறுவடை ஆவதால் அப்பெயர்கள் என்பதை மலையாள மாதங்களை அறிந்த நீங்கள் எளிதில் உணர்வீர்கள். 2 ஏக்கர் வயலைப் பருவத்திற்கு இருமுறையும், தோப்பை ஆண்டுக்கு இருமுறையும் உழுதால், மொத்தம் 10 ஏக்கர் உழவு. அதாவது ஆண்டுக்கு 18 மணி நேரம்! டிராக்டரின் செலவைக் கணக்கிடும் பொறியாளர்கள், அது ஆண்டுக்கு 1,000 மணி நேரம் உழைப்பதாகக் கொள்வது வழக்கம்.

வண்டியின் விலை 5 இலட்சம் ரூபாய் என்றும், கடன் வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டின் வட்டி மட்டும் 50,000 ரூபாய். 18 மணி நேரத்திற்கு அதனைப் பகிர்ந்தால் மணிக்கு 2,777 ரூபாய். டீசல், தேய்மானம், பழுது ஆகியன இதில் சேரவில்லை. அரசு மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வாங்குவோர் பலர். மானியம் விலையைக் குறைக்குமே அன்றி, 18 மணி நேரத்தை 19 ஆக்காது. இதே அளவு நிலமுடைய பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் அவ்வட்டி மணிக்கு 277 ரூபாயாகிவிடும்.

வாடகைக்கு எடுக்கும் வழியும் உண்டு. தமிழகத்தின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு அளிக்கிறது. இவ்வழியில் இடர் ஒன்று இருக்கிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து நீர் திறக்கும்போது, எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டியிருக்கும். அப்போது வாடகை வண்டிக்குக் காத்திருப்பவர் பருவத்தை இழக்க நேரிடலாம். சொந்த வண்டி வேண்டும் என்று தாத்தா பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பவர் டில்லர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியில் 1973இல் தொடங்கப்பட்ட கேரள அரசின் கேம்கோ நிறுவனம், ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தில் 12 குதிரைத்திறன் டில்லர்களைச் செய்து வருகிறது. விலை குறைவு, சிறு பாத்திக்கும் ஏற்றது. ஆனால் பெரும்பாலும் பின்னால் நடந்து செல்ல வேண்டும். 60 சென்டிமீட்டர் அகலத்தில் உழுதால், ஓர் ஏக்கரை ஒருமுறை உழுவதற்குள் ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர் நடை. அதுவும் சேற்றில், அதிரும் கைப்பிடியைப் பற்றியபடி. எழுபது வயதுத் தாத்தாவால் அது இயலுமா என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. (மரக்கலப்பையின் சால் ஒரு சாண் அகலமே. அக்காலத்தில் அதே ஏக்கருக்கு 20 கிலோமீட்டர் நடந்தார்கள்!)

கணக்கெல்லாம் பார்த்தபின் வாங்குவதென்று முடிவானால், விளம்பரத்தை விட மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை எந்திர ஆய்வு நிலையத்தின் அறிக்கையை நம்பலாம். பழுது நீக்கும் பட்டறையும் உதிரிப்பாகமும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்றும் கேட்க வேண்டும். கும்பப்பூ உழவின் நடுவே வண்டி நின்றுபோனால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நல்ல பட்டறையால் பயனில்லை.

இறுதியாக, உங்களுக்கே உரிய செய்தி ஒன்று. டிராக்டரில் இருக்கை ஒன்றுதான். பின்சக்கரத்து மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுவது ஊர்களில் இயல்பான காட்சி. வரப்பில் வண்டி ஒருமுறை குலுங்கினால், அங்கிருந்து விழும் பிள்ளை சக்கரத்துக்கும் சுழலும் கத்திகளுக்கும் முன்னேதான் விழும். மாமா எவ்வளவு அன்போடு அழைத்தாலும் ஏறாதீர்கள். பி.டி.ஓ. தண்டு நொடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. வேட்டி நுனியோ தாவணியோ சிக்கினால் இழுத்துக்கொள்ள ஒரு நொடி போதும். அதன்மேல் உறை இல்லாத வண்டியைக் கண்டால் தாத்தாவிடம் சொல்லுங்கள்.

பயிற்சி

1. உங்கள் குடும்பத்திற்கு 5 ஏக்கர் நெல்வயல் மட்டும் இருந்தால், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் உழவு தேவைப்படும்? பாடத்திலுள்ள அளவுகளைக் கொண்டு கணக்கிடுக.

2. வயலுக்கு எடை மிகுந்த வண்டியும், எடை மிகக் குறைந்த வண்டியும் ஏன் பொருந்துவதில்லை? ஐந்து வரிகளில் எழுதுக.

3. நாஞ்சில், மேழி, கொழு, நுகம், சால், பரம்பு ஆகிய சொற்களின் பொருளை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுக. அவற்றுள் எவை இன்றைய டிராக்டர் உழவிலும் வழங்குகின்றன?

4. “டிராக்டர் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?” என்னும் பொருளில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் அல்லது பேத்திக்கும் இடையே நிகழும் உரையாடல் ஒன்று எழுதுக. இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்க வேண்டும்.