தவழும் ஆராய்ச்சியாளர்

எட்டு மாதக் குழந்தை தவழ்ந்து போய் ஒரு கரண்டியை எடுக்கிறது. வாயில் வைத்துச் சுவைக்கிறது, தரையில் தட்டுகிறது, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறது, கீழே போட்டுவிட்டு மறுபடியும் எடுக்கிறது. பாட்டி பதறிக்கொண்டு ஓடி வந்து அதைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு ஒரு பொம்மையைத் திணிக்கிறாள். குழந்தை வீறிட்டு அழுகிறது. "எத்தனை பிடிவாதம், பார்!" என்கிறோம். நாம் கலைத்தது எவ்வளவு முக்கியமான வேலை என்பது நமக்குத் தெரிவதில்லை.

சுவிட்ஸர்லாந்து தேசத்து அறிஞர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் தொட்டிற் பருவம் முதற்கொண்டு கவனித்து, கண்டவற்றை வயதுக் கணக்குடன் குறித்து வைத்தார். அவற்றைக் கொண்டு அவர் எழுதிய நூல் 1936-ம் வருஷத்தில் பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று. துணியால் மூடி மறைத்த பொருளைச் சுமார் எட்டு மாதம் வரையில் குழந்தை தேடுவதில்லை என்று அவர் கண்டார். துணியை விலக்கிப் பொருளை எடுக்கும் பருவத்தில்தான், கண்ணுக்கு மறைந்ததும் உலகத்தில் இருக்கிறது என்ற ஞானம் உதயமாகிறது என்பது அவர் கொள்கை. பிற்பாடு 1987-ல் ரெனே பயார்ஜோன் என்ற பெண்மணி, குழந்தை எதை நெடுநேரம் உற்றுப் பார்க்கிறது என்று அளந்து, அந்த ஞானத்தின் அறிகுறி நாலரை மாதத்திலேயே தென்படுவதாகத் தெரிவித்தார். இவ்விஷயத்தில் அறிஞர்களின் விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கண்ணுக்குத் துணை கை. மூன்று மாதக் குழந்தைக்குப் பொருளை எட்டிப் பிடிக்கத் தெரியாது. 2002-ல் ஏமி நீடம் முதலியோர் அந்தப் பிராயத்துக் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் சிறு கையுறைகளை மாட்டினார்கள். தொட்ட பொம்மை கையோடு கூடவே வந்தது! சில நாட்கள் இவ்விதம் விளையாடிய குழந்தைகள், கையுறையைக் கழற்றிய பின்பும் மற்றக் குழந்தைகளைக் காட்டிலும் அதிக ஊக்கத்துடன் பொருள்களைப் பார்த்தும் வாயில் வைத்தும் ஆராய்ந்தன.

அப்படியானால் பெரியவர்கள் செய்ய வேண்டியது என்ன? 2016-ல் அமெரிக்காவில் இந்தியானா சர்வகலாசாலையைச் சேர்ந்த சென் யூ, லிண்டா ஸ்மித் இருவரும் ஒரு வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். குழந்தை பார்க்கும் பொருளையே பெற்றோரும் பார்த்தபோது, பெற்றோர் பார்வையைத் திருப்பிக்கொண்ட பின்னரும் குழந்தையின் கவனம் அதில் நீடித்து நின்றது. அதே தேசத்தில் டொலிடோ சர்வகலாசாலையார் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியோ வேடிக்கையானது. பதினாறு பொம்மைகளுக்கு நடுவே விட்ட குழந்தைகளைவிட, நாலே பொம்மைகளுடன் விட்டபோது குழந்தைகள் ஒவ்வொன்றுடனும் அதிக நேரம் விளையாடின. பொம்மைக்கடையை வீட்டுக்குக் கொண்டுவர இயலாத ஏழைப் பெற்றோருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன வேண்டும்?

குழந்தை கருமமே கண்ணாயிருக்கும்போது குறுக்கிடலாகாது என்று வற்புறுத்தியவர் இத்தாலியரான மரியா மாண்டிஸோரி அம்மையார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் தேசத்து ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி அளித்தார். அவர் சொன்ன விஷயம் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமின்றி, கூடத்துக்கும் சமையலறைக்கும் பொருந்தும்.

இதற்காகக் குழந்தையின் கையில் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்பதில்லை. காசு, பொத்தான், நிலக்கடலை போன்று தொண்டையில் அடைக்கக்கூடியவற்றை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். சாயம் உதிரும் சாமான்களும் ஆகா. மரப்பாச்சி, கிண்ணம், மூடி, மரக்கரண்டி ஆகியவை போதும். குழந்தை அழாமலிருக்கக் கைபேசியைக் காட்டும் வழக்கத்தையும் நாம் விட்டொழிக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத சிசுக்களுக்கு அத்தகைய திரைகள் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் அறிவித்தது.

தானே பார்த்து, தானே சோதித்து, தானே தீர்மானிக்கும் பிரஜைகள் சுதந்திர தேசத்துக்கு அவசியம். அந்தப் பழக்கம் பிறர் சொல்லி வருவதன்று. தவழும் பருவத்திலேயே ஆரம்பமாகிறது. ஆகையால் பாட்டிமார்களுக்கு நம்முடைய விண்ணப்பம் ஒன்றே: கரண்டியை நன்றாக அலம்பி, குழந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.